நான்காம் வாய்ப்பில் ஒரு யார்டு

நேயர்களுக்கு வணக்கம். தோற்ற ஆட்டத்தை மறுநாள் காலையில் திருத்தி ஆடிப் பார்க்கும் வழக்கம் எல்லா விளையாட்டிலும் உண்டு. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் அப்படி இன்றளவும் திருத்தி ஆடப்படும் ஓர் ஓட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1995 டிசம்பர் 10 அன்று ஃபிலடெல்பியாவின் வெட்டரன்ஸ் அரங்கில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியும் ஈகிள்ஸ் அணியும் 17-17 என்று சமநிலையில் இருந்தன. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களும் சில நொடிகளுமே மிச்சம். பந்து டல்லாஸிடம், அவர்களுடைய சொந்தப் பகுதியின் 29ஆவது யார்டுக்கு அருகில் இருந்தது. இந்த விளையாட்டில் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. மூன்றில் முடியாதபோது, நான்காவதில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதே வழக்கம். டல்லாஸுக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு யார்டுக்கும் குறைவான தூரம். டல்லாஸ் பயிற்சியாளர் பாரி ஸ்விட்சர் உதைக்கச் சொல்லாமல், ஓட்டக்காரர் எம்மிட் ஸ்மித்திடம் பந்தைக் கொடுத்து இடப்பக்கமாக ஓடச் செய்தார். ஈகிள்ஸ் வீரர்கள் அவரை மடக்கிவிட்டார்கள். ஆனால் பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே இரண்டு நிமிட எச்சரிக்கைக்கு, அதாவது ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் தானாக வரும் இடைவேளைக்கு, விசில் ஊதப்பட்டுவிட்டதால், அந்த ஓட்டம் செல்லாது என்று நடுவர்கள் அறிவித்தார்கள். ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ஸ்விட்சர் அதே வீரரை, அதே பக்கமாக, அதே ஓட்டத்துக்கு அனுப்பினார். மறுபடியும் மடக்கினார்கள். நான்காம் வாய்ப்பும் வீணானதால் பந்து அந்த இடத்திலேயே ஈகிள்ஸ் கைக்குப் போனது. சற்று நேரத்தில் ஈகிள்ஸின் கேரி ஆண்டர்சன் 42 யார்டு தொலைவிலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்று மூன்று புள்ளிகளைத் தந்தது. 20-17 என்று ஈகிள்ஸ் வென்றது.

ஸ்விட்சர் மீது அன்று பொழிந்த ஏளனத்துக்கு அளவில்லை. அந்த ஏளனத்தில் மூன்று தனித்தனி முடிவுகள் ஒன்றாகக் குழைந்து கிடந்தன என்பது என் கருத்து. உதைக்காமல் முயன்றது ஒன்று. எறியாமல் ஓடியது மற்றொன்று. ஓடியதையே திரும்ப ஓடியது மூன்றாவது.

முதல் முடிவை நான் குறை சொல்லமாட்டேன். டல்லாஸ் அணி பலத்த எதிர்க்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சரும் காற்றையே காரணமாகச் சொன்னார். உதைத்த பந்து காற்றில் தடைப்பட்டுக் குறுகிய தூரத்திலேயே விழுந்திருந்தால், காற்றைத் தமக்குச் சாதகமாகக் கொண்ட ஈகிள்ஸ் வீரர்கள் ஏறத்தாழ மைதானத்தின் நடுவிலிருந்து, இரண்டு நிமிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியிருப்பார்கள். அணிகள் நான்காம் வாய்ப்பில் தேவைக்கு மேல் உதைக்கின்றன என்று பெர்க்லி பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006-ல் வெளியான ஆய்வில் காட்டினார். அது ஆட்டங்களின் முதல் கால்பகுதியை மட்டும் கணக்கில் கொண்ட ஆய்வு என்பதால், இறுதி நிமிடங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உதைப்பதே அறிவு என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

இரண்டாவது முடிவில் விவாதத்துக்கே பெரிதாக இடமில்லை. அந்தப் பருவத்தில் 1,773 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன்களை 25 முறை எடுத்தவர் ஸ்மித். ஓடாமல் எறிந்து தோற்றாலும் பழி வரத்தான் செய்யும்: 2015 பிப்ரவரி 1 அன்று பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கடைசி நொடிகளில், எல்லைக்கு ஒரு யார்டு தொலைவில் மார்ஷான் லிஞ்ச் என்ற வலுவான ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு சியாட்டில் அணி எறிந்த பந்தை எதிரணியின் மால்கம் பட்லர் பறித்தபோது, ஏன் ஓடவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

டல்லாஸ் அந்தப் பருவத்திலேயே, ஜனவரியில் இதே ஈகிள்ஸ் அணியை 30-11 என்று வென்று, பின்னர் சூப்பர் பவுலையும் கைப்பற்றியதைச் சொல்லி ஸ்விட்சரை நியாயப்படுத்துகிறவர்களும் உண்டு. விளைவை வைத்து எடைபோடும் அதே தவறுதான் இதுவும், திசை மட்டும் வேறு.

ஆக, எனக்கு உறுத்துவது மூன்றாவது முடிவு மட்டுமே. முதல் ஓட்டம் செல்லாமல் போனது, ஒரு பயிற்சியாளருக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு: தன் உத்தி என்ன ஆகும் என்பதை நட்டமில்லாமல் பார்த்துவிட்டு, மறுபடி யோசிக்க எச்சரிக்கை இடைவேளையும் கிடைத்தது. ஒருமுறை மடங்கியதால் அடுத்த முறையும் மடங்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எதிரணியும் அதே ஓட்டத்தைப் பார்த்துவிட்டது; எந்தப் பக்கம் நெருக்கி நிற்க வேண்டும் என்பதை அவர்களும் அதே இடைவேளையில் பேசிக்கொள்ளலாம். ஸ்மித்திடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு, டல்லாஸில் பந்தை எறியும் வீரரான ட்ராய் ஏய்க்மன் எறிந்திருக்கலாம், அல்லது அவரே பந்தோடு நடு வரிசையை முட்டி முன்னேறப் பார்த்திருக்கலாம், குறைந்தபட்சம் ஸ்மித்தை வலப்பக்கம் அனுப்பியிருக்கலாம். இவையும் தோற்றிருக்கக்கூடும். ஆனால் இந்தக் குறையைச் சொல்ல ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை பந்து கைமாறுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.