'ஆப்லா' என்றால் 'பேசுகிறான்' தானே, 'பேசு' எப்படி ஆச்சு?

சரி, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்காங்க: "ஸ்பானிஷ்ல 'ஆப்லா'ன்னா 'அவன் பேசுகிறான்'னு போன பாடத்துல சொன்னீங்க, இந்தப் பாடத்துல அதையே 'பேசு'ங்கிறீங்க, எது சரி அண்ணா?"

ரெண்டும் சரிதான்மா. நண்பர், தம்பி, தங்கை என்று 'நீ' போட்டுப் பேசுகிற ஆளுக்குக் கட்டளை சொல்ல, பெரும்பாலான வினைகளில் 'அவன், அவள்' வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். ஆப்லா, பேசு. கோமே, சாப்பிடு. எஸ்க்ரீபே, எழுது. எது எந்த அர்த்தம் என்பது சொல்கிற தொனியிலேயே தெரிந்துவிடும்.

நிஜமாக நின்று கவனிக்க வேண்டியது 'நீங்க'தான். மலாயில் 'சாப்பிடு' என்பதற்கு 'மாக்கான்', யாரிடம் சொன்னாலும் மாக்கான்தான், வினை மாறாது. ஆனால் இங்கே பினாங்கில், சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெரியவரிடம் நம் வாயில் 'ஊத்து' என்று வருமா? 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே' என்றுதான் வரும். அந்தப் பழக்கம் ஸ்பானிஷுக்கு அப்படியே உதவும், என்ன, அங்கே 'ங்க' சேர்ப்பதற்குப் பதிலாகக் கடைசி உயிரெழுத்து மாறுகிறது. 'நான் பேசுகிறேன்' என்பது ஆப்லோ. அந்த 'ஓ'வை எடுத்துவிடுங்க. வினையின் மூலவடிவம் 'ஆர்' என்று முடிந்தால் 'ஏ' போடுங்க, ஆப்லே. 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆ', அதாவது கோமா, எஸ்க்ரீபா. பல பேர் என்றால் கடைசியில் ஒரு 'ன்': ஆப்லேன், கோமான், எஸ்க்ரீபான். கோமான் என்றால் நமக்கு அரசன், பெரிய மனிதர். மரியாதை வடிவத்தை மனதில் வைக்க அதுவே போதும். ஸ்பெயினில் மட்டும் நண்பர் கூட்டத்துக்கு ஆப்லாத், கோமேத், எஸ்க்ரிபீத் என்று தனியாக உண்டு, லத்தீன் அமெரிக்காவில் 'ன்' ஒன்றே எல்லாருக்கும்.

ஏன் எழுத்து மாறுகிறது? 'நீங்க' என்பதற்கு அவர்கள் சொல்கிற 'உஸ்தேத்', 'தங்கள் அருள்' என்ற பழைய மரியாதைச் சொல் தேய்ந்து வந்தது. இங்கே அமைச்சரை 'ஒய்பி' (யாங் பெர்ஹோர்மாட், அதாவது மாண்புமிகு) என்று சொல்லி அவரிடமே பேசுகிறோமே, அந்த மாதிரி. ஆகவே ஆப்லே என்பதன் அடியில் 'தங்கள் அருள் பேசட்டும்' இருக்கிறது. இது பிடிபட்டால் மனப்பாடம் குறைந்துவிடும்.

மிரார், பார்ப்பது. தம்பியிடம் மீரா, கடைக்காரப் பெரியவரிடம் மீரே. இன்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.