ஒரு அணுப்படை முடிஞ்சுது எண்டு எப்படித் தெரியும்?

வெள்ளவத்தையில இருந்து ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒண்டு கேட்டிருக்கிறா: "ஒட்சைட்டு மென்படலங்களை அணுப்படை அணுப்படையாக் கட்டினம் எண்டு போன வீடியோவில சொன்னீங்கள் சேர். கண்ணுக்குத் தெரியாத படை ஒண்டு முடிஞ்சுது எண்டு எப்படித் தெரியும்? ஒரு படை கூடினாக் குறைஞ்சா என்ன வரப்போகுது?"

ரெண்டாவதில இருந்து தொடங்கிறன், அதுதான் ருசியான கேள்வி.

குழல் புட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ. மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. ஸ்ட்ரோன்சியம் தைத்தனேற்றுப் பளிங்கும் அப்பிடித்தான். ஸ்ட்ரோன்சியம் ஒட்சைட்டுப் படை, அதுக்கு மேல தைத்தேனியம் ஒட்சைட்டுப் படை, மாறி மாறி. ஒரு சோடியின்ர உயரம் 0.39 நனோமீற்றர். ஒரு காலத்தில இதை வைரத்துக்குப் பதிலா மோதிரத்தில பதிச்சு வித்தவை. செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் கோவிக்காதேங்கோ, உங்களைச் சொல்லேல்லை.

பளிங்கை வெட்டினா மேல சில இடத்தில மா, சில இடத்தில தேங்காய்ப்பூ. அதைத் துப்பரவாக்க ஐதரோபுளோரிக் அமிலக் கரைசலில கொஞ்ச நேரம் போடுவினம். ஸ்ட்ரோன்சியம் ஒட்சைட்டு மூல ஒட்சைட்டு, உங்கட பாடத்திலயே இருக்கு, அது அமிலத்தில கரைஞ்சுபோகும். மிஞ்சிறது தைத்தேனியப் படை.

2004இல ஓட்டோமோ, ஹுவாங் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் அதுக்கு மேல லாந்தனம் அலுமினேற்று வளர்த்தவை. கீழ இருக்கிறதும் காவலி, மேல இருக்கிறதும் காவலி, ரெண்டும் மின்னைக் கடத்தாது. ஆனா ரெண்டும் சந்திக்கிற இடத்தில மின்னோட்டம் பாய்ஞ்சுது! இடையில ஸ்ட்ரோன்சியம் ஒட்சைட்டு ஒரேயொரு படை வைச்சிட்டு வளர்த்தா, பாயேல்லை. அதே சாமான்தான், படை வரிசைதான் மாறினது. 2006இல இன்னொண்டும் தெரிஞ்சுது. மேல லாந்தனப் படையும் அலுமினியப் படையும் சேர்ந்த சோடி மூண்டு மட்டும் எண்டா காவலி, நாலாவது வந்தாத்தான் கடத்தும்.

ஏன்? லாந்தனப் படைக்கு நேர் ஏற்றம், அலுமினியப் படைக்கு மறை ஏற்றம். அடுக்க அடுக்க மின்னழுத்த வேறுபாடு கூடிக்கொண்டு போய், கடைசியில இலத்திரன்கள் இடைமுகத்துக்கு இறங்குது எண்டு ஒரு விளக்கம். ஒட்சிசன் இல்லாமப் போன இடங்களும் காரணம் எண்டு மற்றப் பக்கம் சொல்லினம். எனக்கு ரெண்டிலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிற மாதிரித்தான் படுது.

சரி, எண்ணுறது எப்படி? வெற்றிட அறைக்குள்ள பளிங்கை 700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, பக்கத்தில இருக்கிற மூலப்பொருளுக்கு லேசர் அடிக்க, அது ஆவியாகி வந்து படியும். அதே நேரம் மேற்பரப்பை உரசுற மாதிரிச் சரிவா ஒரு இலத்திரன் கற்றை. எதிர்ப்பக்கத் திரையில ஒரு ஒளிப்புள்ளி விழும். படை பாதி நிரம்பேக்க மேற்பரப்பு குண்டும் குழியும், புள்ளி மங்கும். வீட்டில பாதி டைல்ஸ் பதிச்ச தரைக்கு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, அதேதான். முழுக்க நிரம்பினாத் திரும்பப் பிரகாசிக்கும். ஒருக்கா மங்கிப் பிரகாசிச்சா ஒரு சோடி. நாலாம் தரம் பிரகாசிக்க, லேசரை நிப்பாட்டுவினம்.