பொழுதுபட முன் பூனை வீட்டுக்குள்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணைக்கும் அக்காவுக்கும், பாயில் இருக்கும் பிள்ளைகளுக்கும், கதிரை கிடைக்காமல் வாசிகசாலை மதிலோடு சாய்ந்து நிற்கும் ஊரவர்களுக்கும் வணக்கம்.

அயலோடு பிணக்கு வந்தால் வளர்ப்புப் பூனையைக் காப்பது சமாதானப் பேச்சா, வீட்டுக்குள் வைத்திருப்பதா? இதுதான் தலைப்பு. வீட்டுக்குள் வைத்திருப்பதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணை, பேசினால் தீராத பிணக்கு இல்லை என்றார். தீராவிட்டால் மத்தியஸ்த சபையும் சட்டமும் இருக்கின்றன என்றார். பூனையை அடைத்து வைப்பது பாவம் என்றும் சொன்னார். சண்டை அடங்கும்வரை பூனையைக் கிளிநொச்சியில் சொந்தக்காரர் வீட்டில் விடலாம் என்று அக்கா யோசனை சொன்னார்.

முதலில் சபையையும் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். நீதிமன்றம் போகாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. வேலி வழக்குப் பேசியே வளவை விற்றவர்களைக் கண்ட ஊர் இது. அந்தச் சபையின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் சபை பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் கூடும். கடிதம் வர வேண்டும், மற்றத் தரப்பு வர வேண்டும், வராவிட்டால் இன்னொரு தவணை. பூனையோ ஒவ்வொரு இரவும் வேலி தாண்டுகிறது. மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907இல் எழுதப்பட்டது. அதில் உள்ள தண்டப்பணம் 100 ரூபா வரை, சிறை மூன்று மாதம் வரை. அதற்கும், யார் செய்தது என்று காட்ட வேண்டும். நள்ளிரவில் கோடிப்புறத்தில் நடந்ததற்கு யார் சாட்சி?

சரி, பேச்சுக்கு வருவோம். நான் பேச்சுக்கு எதிரி இல்லை, நடுவர் ஐயா. எங்கள் வீட்டில் நாங்களே பேசிப் பார்த்தவர்கள்.

வேலி அடைக்கிற காலத்தில், வேலிக்கு நடுகிற கதியால் ஒன்று அரைச் சாண் தள்ளிப் போடப்பட்டது. அவர்கள் எங்கள் பக்கம் தள்ளினார்கள் என்று நாங்கள் சொன்னோம், நாங்கள் அவர்கள் பக்கம் தள்ளினோம் என்று அவர்கள் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் கடுவன் பூனை வேலிப் பொட்டுக்குள்ளால் போய் அவர்களுடைய கோழிக்குஞ்சில் இரண்டைப் பிடித்துவிட்டது. குற்றம் எங்களுடையதுதான், மறைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு கதியாலை மறந்து இரண்டு வீடும் பூனையைப் பற்றித்தான் சண்டை பிடித்தது. "இனி இஞ்சால வந்தால் திரும்பி வராது" என்று ஒருநாள் வேலிக்கு மேலால் சத்தம் கேட்டது. அன்றிரவு அம்மா நித்திரை கொள்ளவில்லை.

பிறகு அம்மாதான் போனார். பெட்டி நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோனார். குஞ்சுக்குக் காசும் கொடுத்தார். கதியாலை விதானையாரை வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. அந்த வீட்டு அக்கா அடுத்தநாள் பெட்டியைத் திருப்பித் தரும்போது உள்ளே பனங்காய்ப் பணியாரம் வைத்திருந்தார். எதிரணி அண்ணை கேட்கிற சமாதானம் முழுதாக வந்துவிட்டது.

இரண்டு கிழமை போனது. பூனை சாப்பாட்டில் முகர்ந்துவிட்டுத் திரும்பியது. வெயில் களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் கட்டிலுக்குக் கீழ் போய்ப் படுத்தது. அதற்கு அடுத்தநாள் மூக்கில் இரத்தம், பல் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி. மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். எலிப்பாசாணம் என்றார். சில வகை எலிமருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். பூனை மருந்தை நேரே தின்றிருக்கவும் தேவையில்லை, மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றிருந்தாலும் போதும். விற்றமின் கே ஊசியால் மீட்கலாம், ஆனால் நேரத்தோடு வந்திருக்க வேண்டும் என்றார். அன்று பின்னேரம் அது செத்துப் போனது.

அந்த வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். வெங்காயக் கொட்டிலில் எலித் தொல்லை என்று அவர்தான் மருந்து வைத்திருந்தார். "நான் எலிக்குத்தானே பிள்ளை வைச்சனான்" என்று எங்கள் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அது அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

எதிரணி அண்ணையிடம் நான் கேட்பது இதுதான். பேச்சு மனிதரின் கோபத்தை ஆற்றும், ஒப்புக்கொள்கிறேன். கொட்டிலில் இருந்த மருந்தை அது என்ன செய்தது? ஒருவேளை நாங்கள் பேசாமல் இருந்திருந்தால், அந்த அக்காதான் வேண்டுமென்று கொன்றார் என்று பரம்பரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்போம். பேச்சு எங்களை அந்தப் பழியிலிருந்து காத்தது. பூனையைக் காக்கவில்லை.

இனி அந்தப் பாவக் கணக்கு. தாய்ப்பூனை குட்டியை இடம் மாற்றும்போது கழுத்தில் கவ்விக்கொண்டு போகும். குட்டி எதையும் பற்றிப் பிடிக்கத் தேவையில்லை, தொங்கிக்கொண்டிருந்தால் போதும். வைணவப் பெரியவர்கள் இதை மார்ச்சார நியாயம் என்பார்கள். பொறுப்பு முழுவதும் கவ்வியவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் கோபம் இருக்கிறது என்பது பூனைக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள். கவ்வ வேண்டியவர்களும் நாங்கள்தான்.

அடைப்பது என்றால் கோழிக்கூட்டில் போட்டுப் பூட்டுவது என்று அண்ணை நினைக்கிறார் போல. இல்லை. இப்போது எங்களிடம் இருப்பது ஒரு பெட்டைப் பூனை. பகலில் அரைவாசிக்கு மேல் அது நித்திரைதான், எந்தப் பூனையும் அப்படித்தான். அது துடிப்பாகத் திரிகிற நேரம் விடியப்புறமும் பொழுதுபடுகிற நேரமும். ஆகவே சாப்பாட்டை அந்த நேரத்துக்கு மாற்றினோம். பின்னேரம் ஆறு மணிக்குக் கோப்பையில் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வரும். வந்ததும் கதவு பூட்டு. பிறகு பகல் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். முதல் கிழமை கத்தியது, உண்மை. நானும் இரண்டு இரவு அதோடு விழித்திருந்தேன். மூன்றாம் கிழமை கத்தலை விட்டுவிட்டது. பின் விறாந்தையை குருநகரில் வாங்கிய பழைய மீன்வலையால் மேலிருந்து கீழ்வரை மறைத்தோம். உள்ளே ஒரு மரக்கொப்பு, ஏறி இருக்க ஒரு பலகை. அங்கிருந்து மாமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பழைய நாற்சார் வீடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நடு முற்றத்துக்கு மேல் வலை போட்டால் பூனைக்கு வானமும் கிடைக்கும்.

கருத்தடையும் செய்துவிட்டோம். வயிற்றில் குட்டி வந்தால் ஒன்பது கிழமையில் நாலைந்து பூனை. அதோடு இராமுழுக்க மதிலில் கடுவன்களின் சண்டை. அந்தச் சத்தத்துக்கே அயலில் பாதிக் கோபம் வரும்.

அயலவரின் குறையை நாங்கள் லேசாக எண்ணவும் கூடாது. செம்பாட்டு மண்ணில் புதிதாகக் கொத்திய கீரைப் பாத்தியைக் கண்டால் பூனை அங்கேதான் போய்க் கிண்டி மலம் கழிக்கும். அந்த வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி இருந்தால் அது வெறும் அருவருப்போடு நிற்காது. பூனை மலத்தில் வரக்கூடிய ஒரு கிருமி வயிற்றில் உள்ள பிள்ளையைத் தாக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும். வீட்டுக்குள் ஒரு தட்டத்தில் மணல் போட்டு, தினமும் அள்ளிப் புதைத்தால் எங்களுக்கும் பயமில்லை, அவர்களுக்கும் பாத்தி கெடாது. கோழிக்குஞ்சும் தப்பும். அண்ணை தேடுகிற சமாதானம் இதற்குள்ளேதான் கிடக்கிறது.

அக்கா சொன்ன கிளிநொச்சி யோசனைக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30. யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலம் நோக்கி நடந்த அந்த மழை இரவில் எனக்கு ஒன்பது வயது. அம்மம்மா பூனையை ஓலை உமலுக்குள் வைத்துக் கட்டினார். படலை தாண்டுவதற்குள் அது கிழித்துக்கொண்டு பாய்ந்து வீட்டுப் பக்கமே ஓடியது. தேட நேரமில்லை. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கூரை ஓடு பாதி இல்லை. குசினியில், அணைந்துபோன அடுப்புச் சாம்பலுக்குள், எலும்பும் தோலுமாக அது படுத்திருந்தது. அம்மம்மா நிலத்தில் இருந்துவிட்டார். மனிதர் இல்லாத வீட்டைக்கூட விட்டுப் போகாத உயிரை எப்படி அக்கா கிளிநொச்சியில் கொண்டுபோய் விடுவீர்கள்? வீடு தேடி அங்கிருந்து வெளிக்கிட்டு, வாகனம் ஓடுகிற ஏ9 வீதியில்தான் நிற்கும்.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் ஏதாவது நடந்தால், பூனை வாயில் நுரை தள்ளினால், நடுங்கினால், சோர்ந்து கிடந்தால், உப்புத்தண்ணி பருக்காதீர்கள். பனடோல், அதாவது பரசிற்றமோல், கொடுக்கவே கொடுக்காதீர்கள். மனிதருக்கு மருந்தான அது பூனைக்கு நஞ்சு. வாந்தியையோ மருந்துப் பக்கற்றையோ எடுத்துக்கொண்டு நேரே மிருக வைத்தியரிடம் போங்கள். நாங்கள் நாள் கடத்தியதை நீங்கள் செய்யாதீர்கள்.

நடுவர் ஐயா, இப்போது நேரம் ஏழே முக்கால். எங்கள் பூனை சாப்பிட்டுவிட்டு வலைக்குப் பின்னால் பலகையில் இருக்கும். அண்ணையின் வீட்டிலும் ஒரு வெள்ளைப் பூனை நிற்பது எனக்குத் தெரியும், அவருக்கும் பக்கத்து வளவுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். தீர்ப்பை எழுத முன், அந்தப் பூனை இந்த நேரம் எங்கே நிற்கிறது என்று அவரிடம் ஒருக்கால் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், கூட்டம் முடிந்ததும் நான் ரோச்லைட்டோடு அவருடன் தேட வருகிறேன்.

நன்றி, வணக்கம்.