கொலுசுச் சத்தம் வலிக்குமா? ஆட்டிசம் உள்ள குழந்தையை ஜூன் மாதத்துக்குத் தயார் செய்வோம்

(காட்சி: வகுப்பறை வாசல். கொலுசு போட்ட கால்கள் ஓடுகின்றன.)

இந்தச் சத்தம் நம் சேலத்துக்குச் சோறு போடும் சத்தம். செவ்வாப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகள் எத்தனை! ஆனால் என் அக்கா மகன் இதைக் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுவான்.

வணக்கம். அவனுக்கு ஆட்டிசம். வீடு அம்மாபேட்டையில், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. நாமெல்லாம் கத்திப் பேச வேண்டிய அந்த இரைச்சலில் அவன் மத்தியானம் அசந்து தூங்குவான்! தறிக்கு அழாதவன் கொலுசுக்கு ஏன் அழுகிறான்? "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க, நடிக்கிறான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

தறிக்கு ஒரே தாளம். அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும். கொலுசு எந்தப் பக்கமிருந்து, எப்போது வரும் என்று தெரியாது, ஒலியும் கூர்மை. நமக்கு இரண்டு நிமிடத்தில் பழகி, காதில் விழாமலே போய்விடும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அப்படிச் சட்டென்று பழகுவதில்லை. இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே குத்தும். இதே கொலுசைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கிற குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தைக்குச் சத்தம் போதவில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேடே இந்த இரண்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்துவிட்டது. பிடிவாதம் என்று யாராவது சொன்னால் இந்த வீடியோவை அனுப்புங்கள்.

சரி, மே மாதம் என்ன செய்யலாம்?

அட்மிஷனுக்குப் போகும்போது பள்ளி மணியைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் மிகக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். பட்டனை அழுத்துவது குழந்தையின் விரலாகத்தான் இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல. எங்கள் பையன் முதல் வாரம் அழுத்திவிட்டு ஓடினான். அப்புறம் அழுத்திவிட்டு நின்றான். முகம் சுளித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் பயம்தான் கூடும்.

(காட்சி: சட்டைக் காலரை உள்பக்கம் திருப்பிக் காட்டுதல்.)

இந்தச் சின்ன லேபிள் கழுத்தில் நாள் முழுக்க முள்ளாய் உறுத்தும். தையலோடு பிரித்தெடுங்கள்; கத்தரித்தால் மிச்சம் இன்னும் மோசமாகக் குத்தும். புது யூனிஃபார்மைக் கஞ்சி போகும் வரை பல தடவை துவைத்து, வீட்டிலேயே அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாம்பழப் பை. சீசன்தானே! கடையிலிருந்து வரும்போது தூக்க முடிகிற அளவுக்கு இரண்டு மாம்பழம் போட்டுப் பையை அவனிடம் கொடுப்போம். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் அந்த வேலை பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். சுவரைத் தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் இதே வகைதான். உங்கள் குழந்தைக்கு எது, எவ்வளவு என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளரிடம், கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சரிடம் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: மணிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சுவரோரம் இடம் கொடுங்கள், காதை மூடும் ஹெட்போனை அனுமதியுங்கள். தயங்காமல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. தேவையான வசதி செய்து தரும் கடமை பள்ளிக்கு உண்டு. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் பாருங்கள்.

உங்கள் பிள்ளை எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறது? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். மதியச் சாப்பாட்டு வாசனை தாங்காத குழந்தைகளைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுவோம்.