அம்மா இருந்தும் அநாதை

நேயர்களுக்கு வணக்கம்.

அநாதை என்றதும் அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைதான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் அநாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். 'அரை அநாதை' என்றே அவர்களுக்குப் பெயர். கணவன் இறந்துபோனாலோ விட்டுவிட்டுப் போனாலோ, கூலி வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை யாரிடம் விடுவாள்? இல்லத்தில் விட்டாள். கையில் காசு சேர்ந்தால் கூட்டிப்போகலாம் என்ற நம்பிக்கையோடு விட்டாள்.

பத்து டாலர் நோட்டில் இருப்பாரே, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், அவரும் சின்ன வயதில் தாயை இழந்து, தகப்பன் துணையில்லாமல் வளர்ந்தவர்தான். 1804-இல் அவர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது மனைவி எலிசாவுக்கு ஏழு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். அந்த நிலையிலும் 1806-இல் சில பெண்களோடு சேர்ந்து நியூயார்க் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். தொண்ணூறு வயதைத் தாண்டும் வரை, 1848 வரை, அதற்காக உழைத்தார்.

1869 அக்டோபரில் சிஸ்டர் ஐரீன் என்ற கன்னியாஸ்திரி, நகரில் ஒரு வாடகை வீட்டு வாசலில் தொட்டில் ஒன்றை வைத்தார். தெருவிலும் குப்பையிலும் பச்சைக் குழந்தைகள் கிடந்த காலம் அது. முதல் இரவே ஒரு குழந்தை வந்தது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேல். பல குழந்தைகளின் துணியில் ஒரு சீட்டு குத்தியிருக்கும். பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் ஆயிற்றா என்ற விவரம், சிலவற்றில் மன்னிப்பு. அந்தச் சீட்டுகளை இல்லத்தார் தூக்கி எறியவில்லை. அவை இன்றும் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. விட்டுப்போன தாய்க்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தச் சீட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

கறுப்பினக் குழந்தைகளுக்குப் பெரும்பாலான இல்லங்களில் இடம் கிடையாது. அதனால் 1836-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் அவர்களுக்கென்று தனி இல்லம் தொடங்கினார்கள். 1863 ஜூலை 13, உள்நாட்டுப் போருக்கான கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரக் கூட்டம் ஐந்தாவது அவென்யூவில் இருந்த அந்தக் கட்டடத்தைச் சூறையாடித் தீ வைத்தது. உள்ளே 233 பிள்ளைகள். பொறுப்பாளர்கள் அவர்களைப் பின்வாசல் வழியாக வெளியே கூட்டிப்போய்க் காவல் நிலையத்தில் சேர்த்தார்கள். ஒரு பிள்ளைக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பிள்ளைகள் குடியிருந்த வீடு என்று தெரிந்தேதான் எரித்தார்கள். எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை.

அப்புறம், ரயில்கள். 1854-இலிருந்து 1929 வரை சுமார் இரண்டு லட்சம் பிள்ளைகள் கிழக்கிலிருந்து, பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து, மேற்கு மாநிலங்களின் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஊர் ஊராக இறக்கி, தேவாலயத்திலோ நாடகக் கொட்டகை மேடையிலோ வரிசையாக நிறுத்துவார்கள். பிடித்த பிள்ளையை வந்தவர்கள் கூட்டிப்போவார்கள். அண்ணன் ஒரு ஊரில், தங்கை இன்னொரு ஊரில். சிலருக்கு நல்ல குடும்பம் அமைந்தது. சிலர் சம்பளமில்லாத வேலையாட்களாக வளர்ந்தார்கள்.

1909-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்றது. தாய்மாருக்கு உதவித்தொகை மெல்ல வந்தது. 1935-இல் அது மத்திய அரசின் சட்டத்திலும் ஏறியது. பிள்ளையை வைத்துக் காப்பாற்றப் பணம் கிடைத்ததும் பெரிய இல்லங்கள் ஒவ்வொன்றாக மூடின.

தத்துப் போன பிள்ளைகளின் அசல் பிறப்புச் சான்றிதழ் மட்டும் நியூயார்க்கில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டியே இருந்தது. 2020 ஜனவரியில்தான் அதைக் கேட்டு வாங்கும் உரிமை கிடைத்தது. பெற்றவளின் பெயரை எழுத்தில் முதல்முறை பார்க்கப் பல பேர் தலை நரைக்கும் வரை காத்திருந்தார்கள்.

வணக்கம்.