எம்.எஸ்.டபிள்யூ. சேர்க்கையில் எதை அளக்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கமுங்க.

எம்.எஸ்.டபிள்யூ. என்கிற முதுநிலைச் சமூகப்பணிப் படிப்புக்கு பி.காம்., கணிதம், தமிழ் இலக்கியம் என்று எந்தப் பட்டம் முடித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். இளநிலை மதிப்பெண், நேர்காணல், சில இடங்களில் நுழைவுத் தேர்வு, பரிந்துரைக் கடிதம் இவற்றை வைத்துத்தான் ஆள் எடுக்கிறோம். இரண்டு வருடம் கழித்து இந்தப் பிள்ளை எப்படி நிற்கும் என்பதை இவை எவ்வளவு சொல்லும்?

இளநிலை மதிப்பெண் முதலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை ஓரளவு சொல்லும். இரண்டுமே உட்கார்ந்து படித்து எழுதுகிற திறன்தானே. களப்பணி, அதாவது மக்களிடம் நேரில் போய்ச் செய்கிற பயிற்சி என்று வந்தால், இளநிலை மதிப்பெண்ணின் பிடி தளர்ந்துவிடுகிறது. காங்கயம் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரியும், இழுவை தெரியாது.

இந்த உறவைக் கணக்கில் பார்க்க ஒட்டுறவுக் கெழு என்றொரு அளவு உண்டு; சேர்ந்து நகர்வதே இல்லை என்றால் 0, முழுக்கச் சேர்ந்து ஏறினால் 1. அது 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருமடி எடுத்தால் 0.09. அதாவது பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 9 சதவீதம்தான் மதிப்பெண்ணோடு சேர்ந்து நகர்கிறது. அதற்காக மதிப்பெண்ணைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. 200 விண்ணப்பத்தில் மேலே இருக்கும் 40 பேரை மட்டும் எடுத்தால், அவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்காரர்கள். அந்தக் குறுகிய வட்டத்துக்குள் தேடும்போது உறவு இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். சேராத 160 பேர் எப்படிச் செய்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு மறுமுனையில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் களத்துக்குப் போய்வரும் பிள்ளைக்குக் கடைசியில் எவ்வளவு போடுகிறோம்? வகுப்பு முழுக்க 75க்கும் 85க்கும் நடுவே. எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டு, சேர்க்கை முறை எதையும் கணிக்கவில்லை என்றால் எப்படிங்க? களப்பணி மதிப்பெண்ணைப் பிரித்துப் போட வேண்டும். களப்பணிப் பதிவேடு குறித்த நாளில் வந்ததா, உதவி தேடி வந்தவர் சொன்னதையும் மாணவர் ஊகித்ததையும் பிரித்து எழுதியிருக்கிறாரா, மறுபடி வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்குப் போனாரா, மேற்பார்வையாளர் சுட்டிய பிழை அடுத்த வாரம் திருந்தியதா: ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லாக் கடிதமும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்லும்.

நேர்காணலைத்தான் நாம் ரொம்ப நம்புகிறோம். "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால், "சேவை செய்யணும்" என்ற மனப்பாடம் வரும். சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குக் கை தாராளமாகப் போகிறது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் ஒடிசா தொழிலாளியிடமும், ஆனைகட்டிப் பக்கம் இருளர் வீட்டுத் திண்ணையிலும் தேவைப்படுவது காது கொடுத்துக் கேட்கும் பொறுமை.

ஆகவே நேர்காணலுக்கு ஒரு சட்டம் போடுங்கள். எல்லாருக்கும் அதே ஆறு கேள்வி, அதே வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். எந்தப் பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கேட்பவர் இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு முடித்த பிறகே கலந்து பேசலாம். முதலில் பேசிவிட்டால் மூத்தவர் போட்ட எண்ணுக்கே இளையவரும் இறங்கிவிடுவார். கூடவே ஒரு சிறு வேலை கொடுங்கள்: ஒரு தொழிலாளியின் குறையைப் பத்து நிமிடம் ஒலிப்பதிவில் கேட்கவிட்டு, தமிழிலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். சொல்லாததைச் சேர்த்து எழுதும் பிள்ளை அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த எண்களை அலமாரியில் பூட்டாமல், படிப்பு முடிந்ததும் களப்பணி மதிப்பெண்ணோடு பொருத்திப் பாருங்கள். 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் கெழு சுமார் 0.31ஐத் தொடாவிட்டால், தற்செயல் என்ற ஐயம் போகாது. மூன்று வருடம் சேர்த்து 120 பேர் ஆனால் 0.18 போதும். முறையை வருடா வருடம் மாற்றினால் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை. நடுவில் படிப்பை விட்டுப் போனவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். கணிப்பு எங்கே தவறியது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடுகிறது. அவர்கள் போன மாதத்தையும் காரணத்தையும் அதே வரியில் குறித்து வையுங்கள். பஸ் வசதி இல்லாமல் நின்றவரையும் களப்பணி பிடிக்காமல் நின்றவரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாதுங்க.

நன்றி, வணக்கம்.