சின்னக் குளியலறைக்கு எந்தக் கதவு பொருந்தும்?

[காட்சி: பிளாட் வீட்டுக் குளியலறை. தரையில் கதவு ஓரமாக ஒரு நூல் நீட்டப்படுகிறது.]

வணக்கம். சின்னக் குளியலறைக்குக் கதவு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஒரு நூலும் ஒரு சாக்குக்கட்டியும் போதும். கதவின் கீல் இருக்கும் மூலையில், நூலின் ஒரு முனையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். மறுமுனையில் சாக்குக்கட்டியைக் கட்டி, நூலைக் கதவின் அகலத்துக்கு நீட்டி, தரையில் கால்வட்டம் ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் தரை முழுவதும் கதவுக்குச் சொந்தம். அங்கே வாளி வைக்க முடியாது, அழுக்குத் துணிக் கூடை வைக்க முடியாது, கதவு அசையும்போது ஆள் நிற்கவும் முடியாது.

[காட்சி: சாக்குக்கட்டிக் கோடு. மேலே 0.44 என்ற எண்.]

நம் ஊர் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி அகலம், 7 அடி உயரம். மில்லிமீட்டரில் 750க்கு 2100. அது போடும் கால்வட்டம் 0.44 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 சதுர அடி. மலேசியாவில் கட்டடங்களுக்கு 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் உண்டு. மலாயில் உண்டாங்-உண்டாங் கெச்சில் பாங்குனான் செராகாம் என்பார்கள். டாய்லெட்டும் சேர்ந்த குளியலறை குறைந்தது 2 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. அந்தக் குறைந்தபட்ச அளவில் கட்டிய ஒரு குளியலறையை நினைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், கதவு வீசித் திறக்கும் இடத்துக்கே போய்விடுகிறது.

இடம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உள்ளே வழுக்கி விழுபவர் கதவை ஒட்டி விழுந்துவிட்டால், உள்பக்கமாகத் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. தள்ளினால் கதவு அவர் மேல்தான் இடிக்கும். நம் வீடுகளில் தாத்தா பாட்டி கூடவே இருக்கிறார்கள். குளிப்பதும் டாய்லெட்டும் ஒரே தரை, அந்தத் தரை நாள் முழுக்க ஈரம். அதனால் எந்தக் கதவைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் இதை வெளியிலிருந்து திறக்க முடியுமா? இடம் மிச்சமாகுமா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். நல்ல வேளையாக, இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே கதவே பதிலாக அமைந்துவிடுகிறது.

[காட்சி: அதே கதவு, இப்போது வெளிப்பக்கமாகத் திறக்கிறது.]

முதலில் யோசிக்க வேண்டியது, புதிய வகைக் கதவே தேவையில்லாத வழி. இருக்கிற கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது. உள்ளே கதவு பிடித்திருந்த 5 சதுர அடியும் அப்படியே திரும்பக் கிடைக்கும். விழுந்தவரிடம் போகவும் தடை இல்லை. ஆனால் கீலைக் கழற்றி மறுபக்கம் மாட்டினால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவு நிலையை உற்றுப் பாருங்கள், கதவு வந்து உட்காருவதற்கு ஒரு படிவெட்டு இருக்கும். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு அது உள்பக்கம்தான் இருக்கும். மரநிலை என்றால் தச்சர் மாற்றிச் சரிசெய்துவிடுவார். தகட்டை மடித்துச் செய்த இரும்பு நிலை என்றால், பல நேரம் நிலையையே மாற்ற வேண்டிவரும். இன்னொன்று, குளியலறைத் தரை வெளித்தரையைவிடத் தாழ்வாக இருக்கும். தாழ்ந்த பக்கம் திறந்துகொண்டிருந்த கதவு உயர்ந்த பக்கம் திரும்பும்போது அடிப்பாகம் டைல்ஸில் உரசும். அந்த அளவுக்குக் கீழே அறுக்க வேண்டும்.

வெளியே இடம் இருக்கிறதா என்பதையும் அதே நூலால் பாருங்கள். குளியலறை வாசல் நேராகக் குறுகலான நடைபாதையில் திறந்தால் யோசியுங்கள். கையில் கொதிக்கும் குழம்புச் சட்டியோடு யாராவது அந்த வழியாக வருவார்கள். பின்கட்டில் சமையலறையும் குளியலறையும் ஒட்டியிருக்கும் பிளாட்டுகளில் இது நிஜமான ஆபத்து. அங்கே வேறு வழி தேட வேண்டியதுதான்.

[காட்சி: மடிப்புக் கதவு. இரண்டு பலகைகளும் புத்தகம் மூடுவது போல மடிகின்றன.]

அந்த வேறு வழிகளில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பரவலாகக் கிடைப்பது மடிப்புக் கதவு. கடைகளில் பை-ஃபோல்ட் என்று கேட்டாலே போதும். ஒரே கதவு நடுவில் இரண்டாக மடிகிறது. 750 மில்லிமீட்டர் வாசலில் ஒவ்வொரு பலகையும் பாதி அகலம், அதனால் கதவு நீட்டிக்கொள்ளும் தூரமும் பாதியாகிவிடும். விலையும் கைக்கு அடங்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடித்த இரண்டு பலகைகளும் வாசலுக்குள்ளேயே ஒரு ஓரமாக நிற்கும். அதனால் 30 அங்குல வாசலில் 3, 4 அங்குலம் போய்விடும், நடக்க மிஞ்சுவது 26, 27 அங்குலம். சாதாரண சக்கர நாற்காலியே 25 அங்குல வட்டாரத்தில் இருக்கும். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு எங்கே இடம்? வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால், அல்லது விரைவில் தேவைப்படும் நிலை இருந்தால், மடிப்புக் கதவு வேண்டாம் என்பதே என் கருத்து. அதை வாங்குகிறவர்களும் வெளிப்பக்கம் மடியும்படிதான் மாட்டச் சொல்ல வேண்டும். உள்பக்கம் மடிந்தால், நாம் முதலில் பேசிய சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இன்னொரு விஷயம், மடிப்புக் கதவில் முதலில் கெட்டுப்போவது பலகை அல்ல. மேல் தண்டவாளத்தில் ஓடும் உருளையும், கீழே ஊன்றி நிற்கும் முளையும்தான். இரண்டும் பிளாஸ்டிக்கா உலோகமா என்று வாங்கும்போதே கையால் தொட்டுப் பாருங்கள். மாற்று உருளை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

[காட்சி: சுவரோரமாக நகரும் கதவு.]

நகரும் கதவு, அதாவது ஸ்லைடிங். இது உள்ளேயும் நீட்டாது, வெளியேயும் நீட்டாது, ஆனால் பக்கத்துச் சுவர் முழுசாகக் காலியாக இருக்க வேண்டும். இரண்டரை அடி வாசலுக்குக் குறைந்தது அதே அளவு சுவர், கொஞ்சம் கூடுதலாகவே. அந்தச் சுவரில்தான் நம் வீடுகளில் வாட்டர் ஹீட்டர் சுவிட்ச், விளக்கு சுவிட்ச், துண்டு மாட்டும் கொக்கி, காலண்டர் எல்லாம் இருக்கும். அவற்றை இடம்மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் இடைவெளி. சுவரை ஒட்டித் தொங்கும் கதவு நிலைக்குள் அழுந்தி உட்காராது, ஓரங்களில் காற்று போகும். வாசனையும் சத்தமும் அதோடு போகும். வாசல் சமையலறைக்கோ சாமி மேடைக்கோ எதிரே இருந்தால் வீட்டில் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நகரும் கதவுதான் வேண்டும் என்றால், மேலிருந்து தொங்கும் வகையாகக் கேளுங்கள். தரையில் தண்டவாளம் பதிக்கும் வகையில் முடியும் சோப்பு அழுக்கும் தங்கி, கதவு இறுகிப் போகும்.

சுவருக்குள்ளேயே மறையும் கதவைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாட் வீடுகளில் அதை மறந்துவிடலாம். சுவருக்குள் கதவு அளவுக்குப் பொந்து வேண்டும், நம் அடுக்குமாடிகளில் பல சுவர்கள் கட்டடத்தையே தாங்கும் கான்கிரீட் சுவர்கள். அவற்றை உடைக்கவே கூடாது.

[காட்சி: ஒரே பலகைக் கதவு சுழன்றுகொண்டே நகர்ந்து, பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கிறது.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன். ஸ்லைட் அண்ட் ஸ்விங் கதவு. பார்க்கச் சாதாரணக் கதவு மாதிரியே ஒரே பலகை. திறக்கும்போது மேல் தண்டவாளத்தில் நகர்ந்துகொண்டே சுழல்கிறது. முழுசாகத் திறந்தபின் பாதிக் கதவு உள்ளே, பாதிக் கதவு வெளியே, வாசலின் ஓரமாக நிற்கும். நீட்டிக்கொள்ளும் தூரம் மடிப்புக் கதவைப் போலவே பாதிதான், ஆனால் வாசலில் குறைவது ஒரே ஒரு பலகையின் கனம் மட்டும். நடுவில் மடிப்பு இல்லாததால் விரல் நசுங்கும் இடமும் குறைவு. விலை மடிப்புக் கதவைவிடக் கூடுதல், மாட்டுகிறவருக்கும் கை பழகியிருக்க வேண்டும். தண்டவாளம் கொஞ்சம் சாய்ந்தாலும் கதவு தானாக நகர ஆரம்பித்துவிடும். பாதிக் கதவு உள்ளே வருகிறதே, விழுந்தவர் மேல் இடிக்காதா? அது கதவு சுழலும் பக்கத்தைப் பொறுத்தது. கடையில் மாதிரிக் கதவை நீங்களே திறந்து, எந்த ஓரம் உள்ளே வருகிறது என்று பாருங்கள். டாய்லெட் பவுல் இருக்கும் பக்கமாக அது வரட்டும். ஆள் விழக்கூடிய வெற்றுத் தரைப் பக்கம் வர வேண்டாம்.

[காட்சி: அடிப்பாகம் உப்பிப்போன மரக்கதவு, துருப்பிடித்த நிலை.]

எந்தப் பொருளில் வாங்குவது? அழுத்தி ஒட்டிய பலகைக் கதவு இங்கே தாங்காது. தண்ணீர் தெறிக்கும் அடிப்பாகம் முதலில் உப்பும், பிறகு உதிரும். பிவிசி விலை குறைவு, தண்ணீரால் கெடாது, ஆனால் ஓங்கி மூடினால் விரியும். பெரும்பாலோருக்கு அலுமினியச் சட்டம் போட்டது பொருந்தும். அதிலும் ஒரு எச்சரிக்கை, தரை கழுவும் ஆசிட் அலுமினியத்தை அரித்துவிடும். கழுவும்போது சட்டத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பினாங்கில் கடலோரம் இருப்பவர்கள் பவுடர் கோட்டிங் பூசியதையே வாங்குங்கள். திருகும் கீலும் ஸ்டெயின்லெஸ் என்றால் 304 என்ற தரத்தைவிட 316 என்ற தரம் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும். பனிக்கண்ணாடி பதித்த கதவு அழகுதான், ஆனால் உள்ளே விளக்கு எரியும்போது ஒட்டி நிற்பவரின் உருவம் வெளியே தெரியும். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீட்டுக்கு அது வேண்டாம்.

கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியாவது விடுங்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி இருந்தாலும், உள்ளே காற்று வர வழி இல்லையென்றால் அது சும்மா சுற்றும். ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும்.

அளவெடுக்கும்போது அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, அதில் சிறியதைக் கொடுங்கள். பழைய பிளாட்டுகளில் மூன்றும் ஒன்றாக இருக்காது. சுவரைத் தொடும் வேலை எதுவானாலும் கட்டட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாகம் அதைக் கேட்கும். கோலாலம்பூர் மாநகர மன்றமான டிபிகேஎல்லின் வாடகை பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்ட) வீட்டில் இருப்பவர்கள் வீடு தங்களுடையது அல்ல என்பதால் கதவு மாற்றவும் முதலில் கேட்டுவிடுவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வேலை கொடுக்காதீர்கள். அப்போது எல்லா கான்ட்ராக்டரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், அவசரத்தில் தண்டவாளம் சாயும்.

[காட்சி: பூட்டின் வெளிப்பக்கம். ஒரு நாணயம் பள்ளத்தில் திரும்புகிறது.]

கடைசியாகப் பூட்டு. உள்ளே தள்ளும் தாழ்ப்பாள் மட்டும் உள்ள கதவு, எந்தப் பக்கம் திறந்தாலும் ஆபத்துக்கு உதவாது. வெளிப்பக்கம் நாணயத்தால் திருகித் திறக்கும் பள்ளம் உள்ள பூட்டாகப் போடுங்கள். பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இருந்தால் பழக்கத்தில் அதைத்தான் போடுவார்கள்.

மாட்டி முடித்ததும் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். ஒருவரை உள்ளே அனுப்பிப் பூட்டச் சொல்லி, வெளியிலிருந்து 20 சென் நாணயத்தால் திறந்து பாருங்கள். கதவைப் பாதியில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள், தானாக நகரக் கூடாது. பிறகு கதவை மூடி, உள்பக்கமாக ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் வீசச் சொல்லுங்கள். தண்ணீர் ஹாலுக்குள் ஓடி வந்தால், தண்ணீரைத் தடுக்கும் அடிப்பட்டையைச் சரிசெய்த பிறகே மீதியைக் கொடுங்கள்.